மதகடி நிறுத்தம்

மதகுக் கட்டைமேல் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர்: பஸ் முதலாளி, ஊர்ப் பெரியவர், காலனி இளைஞர் மன்றத் தலைவர், எங்கள் மாதா கெபித் தெருவின் உபதேசியார். கட்டையில் இடம் இருந்தும் உட்காராமல் நின்றவர் என் அப்பா. அவர் பக்கத்தில், காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு நான். வராதவர்கள் யாரென்றால், அந்தப் பஸ்ஸில் போகிறவர்கள் அத்தனை பேரும். பாதிப் பேர் அதே பஸ்ஸில் ஏறித் திண்டிவனம் போய்விட்டிருந்தார்கள். மீதிப் பேர் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். மதகிலிருந்து பார்த்தால் குனிந்த முதுகுகள் தெரிந்தன. என் அக்கா அந்த நேரத்தில் செருப்புக் கம்பெனியில் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவளுக்காகத்தான் நான் அந்தக் கூட்டத்தையே கூட்டியிருந்தேன்.

வந்தவர்களின் வண்டிகள் ரோட்டோரம் வரிசையாக நின்றன. முதலாளியின் வெள்ளை அம்பாசிடர், ஊர்ப் பெரியவரின் புல்லட், மன்றத் தலைவரின் பைக், உபதேசியாரின் பச்சை நிற டிவிஎஸ் ஃபிப்டி. அப்பாவும் நானும் நடந்து வந்திருந்தோம். பஸ்ஸில் வந்து இறங்கியவர் ஒருவரும் இல்லை. பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்ய வந்த கூட்டம் அது.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம், ஆடி மாதம். மரக்காணத்திலிருந்து திண்டிவனத்துக்குக் காலையில் கிளம்பும் முதல் வண்டி எங்கள் பஸ். தனியார் வண்டி. மரக்காணத்தைத் தாண்டியதும் ரோடு உப்பளத்தை ஒட்டி ஒரு வளைவு எடுக்கும். அந்த வளைவுக்குள்ளேயே ஐந்து இடத்தில் நிற்கும். உப்புக் கொட்டகை, மாதா சிலை இருக்கும் கெபி, காலனி, அம்மன் கோயில் ஆர்ச், கைகாட்டி. ஒன்றில் நின்றுகொண்டு அடுத்ததில் நிற்கிறவள் என்ன நிறச் சேலை கட்டியிருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். டிரைவர் வண்டியை எடுத்து இரண்டாவது கியருக்கு வருவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். ஏறுகிறவர்கள் ஏறி, கூடையைத் தூக்கிக் கொடுத்து, சில்லறை தேடி, "போலாம் ரைட்". மறுபடி இரண்டாவது கியர். மறுபடி விசில்.

இந்த ஐந்துக்கும் போர்டு கிடையாது. எங்கள் பக்கத்தில் நிறுத்தம் உண்டாகும் வழி வேறு. ஆயுத பூஜை அன்றைக்கு ரோட்டில் வண்டியை மறித்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தாம்பூலத்தில் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தால், அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் அந்த இடத்தில் வண்டி நிற்கும். காலனிக்காரர்கள் ஒரு வருஷம் அப்படித்தான் தங்கள் நிறுத்தத்தை வாங்கினார்கள். அம்மன் கோயில் ஆர்ச்சுக்குக் கீழே நின்றால் ஊர்ப் பையன்கள் பேசுகிற பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. தனியாகப் பூஜை போட்டார்கள், தனியாக நிறுத்தம் வந்தது. அதைப் பார்த்து எங்கள் தெருவும் போட்டது. எங்களுடையது வேதக்காரத் தெரு, பூசணிக்காய் உடைக்க மாட்டோம். உபதேசியார் தீர்த்தம் தெளித்து ஒரு ஜெபம் சொல்வார். ஆனால் மாலை மட்டும் அம்மன் கோயில்காரர்கள் போட்டதைவிட ஒரு சாண் நீளமாக இருந்தாக வேண்டும். "இந்த ஒரு நாள்லதான் எல்லா சாமியும் ஒரே ரூட்ல வருது" என்பார் டிரைவர்.

இதெல்லாம் எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது, அக்காவுக்கு வேலை கிடைக்கும் வரை.

அக்கா மூன்றாவதோடு நிறுத்தப்பட்டவள். நான் பள்ளிக்கூடம் போனேன், அவள் அம்மாவோடு உப்பளத்துக்குப் போனாள். எங்கள் வீட்டில் பன்னிரண்டாவது தாண்டிய முதல் ஆள் நான். அதற்கு அவள் வாரிய உப்பும் ஒரு காரணம் என்று வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சித்திரை மாதம் திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் செருப்புக் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்றார்கள். அவள் ஒரு வாரம் என் நோட்டில் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டு போனாள். எடுத்துக்கொண்டார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை. முதல் நாள் வந்ததும் அம்மாவிடம் சொன்னாள்: "எல்லாரும் செருப்பு போட்டுக்கினுதாம்மா வேல செய்யறாங்க. உள்ள கூட."

கம்பெனி வேன் திண்டிவனம் மேம்பாலத்தடியில் வந்து நிற்கும். யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு மாதத்தில் மூன்று தடவை வேனை விட்டால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். அனுப்பிவிட்டால் மறுபடியும் பாத்திதான். "நான் திரும்ப அதுல எறங்க மாட்டேன்டா" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அப்போதிலிருந்து அந்தப் பஸ்ஸில் என்னால் ஒரு நாளும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம். கூட்டத்துக்கு நடுவில் அக்காவின் கை மட்டும் எனக்குத் தெரியும். மேல் கம்பியைப் பிடித்திருக்கும் அந்தக் கையின் விரல்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கம்பியைத் தட்டும். விசில் கேட்டால் திரும்பி என்னைப் பார்ப்பாள், நான்தான் ஊதியது போல. காலனியில் கருவாட்டுக்காரம்மா ஏறுவாள். முதலில் கூடை, பிறகு அவள், பிறகு கீழே நிற்பவரிடம் விட்டுவிட்டு வந்த இன்னொரு சின்னக் கூடை. "ஏம்மா, நாத்தமும் டிக்கெட் எடுத்துதாம்மா ஏறணும்" என்பார் கண்டக்டர். "உன் வீட்டுக் கொழம்புல போட்டா மட்டும் மணக்குதா?" என்பாள் அவள். பஸ்ஸே சிரிக்கும். நான் வாட்சைப் பார்ப்பேன்.

வளைவுக்குள் தவறவிட்ட நேரம் அதோடு நிற்காது. பிரம்மதேசத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டுக்கு வந்து சேர்வதற்கு முன் நாங்கள் தாண்டியிருக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் புத்தகப் பையும் சாப்பாட்டுக் கூடையுமாக அவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் ஏறி முடிப்பதற்குள் இன்னும் பிந்தும். அடுத்த ஊரில் இன்னும் அதிகம் பேர் நிற்பார்கள். பிந்தப் பிந்தக் கூட்டம், கூட்டம் சேரச் சேரப் பிந்தல். பெருமுக்கல் மலை ஜன்னலுக்கு நேராக வரும்போது, எங்களுக்குப் பின்னால் கிளம்பிய, எங்கள் வளைவில் எங்குமே நிற்காத பஸ் காலி சீட்டுகளோடு ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும். அக்கா அங்கேயே முன்வாசல் படிக்கு நகர ஆரம்பித்துவிடுவாள். வண்டி ஸ்டாண்டுக்குத் திரும்பும் இடத்தில் ஓடுகிற ஓட்டத்திலேயே குதித்து மேம்பாலம் நோக்கி ஓடுவாள். வேனின் பின்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நின்ற நாட்களும் உண்டு.

ஒரு நாள் கண்டக்டரிடம் கேட்டேன். "ஏண்ணா, கொட்டகையில ஏத்திட்டு நேரா ஆர்ச்சுல நிறுத்தினா இன்னா? நடுவுல இருக்கறவங்க ரெண்டு பக்கமும் கொஞ்சம் நடந்தா போதுமே."

"நீ சொல்லுவ. நிறுத்தாம போனா ரிட்டன்ல கண்ணாடிக்குக் கல்லு வரும். நீ வந்து முன்னாடி நிப்பியா?"

"லேட்டாவுதுண்ணா."

"எனக்கு மட்டும் தெரியாதா? மாலை போட்டவன் எல்லாம் இந்த வண்டிக்குப் பார்ட்னர்டா. மொதலாளியத் தவுர."

முதலாளியைப் பார்க்கப் போனேன். திண்டிவனத்தில் டயர் கடை ஒன்றின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் நான் பேச ஆரம்பித்ததும் அவருடைய கோபம் என்னுடையதைவிடப் பெரிதாக இருந்தது. வண்டி ஸ்டாண்டுக்கு அதன் நேரத்துக்கு வராவிட்டால், டைம் கீப்பர் அதற்கு அடுத்த வண்டியை எடுக்கச் சொல்லிவிடுகிறாராம். "நான் ரெண்டு நிமிஷம் பிந்தி வந்தா, எனக்காக நின்ன ஜனம் அவன் வண்டியில ஏறிப் போவுது. என் வண்டி டீசலக் குடிச்சிக்கினு காலியா திரும்புது. உங்க ஊரு வளைவுலதான்யா எனக்கு மொத்த ரூட்டும் போவுது" என்றார். பிறகு, "நீ எல்லாரையும் கூட்டு. நான் வர்றேன். ஞாயித்துக்கெழம வேணாம், கோயில் ட்ரிப் ஆர்டர் இருக்குது. பொதங்கெழம பத்து மணிக்கு வெச்சிக்க."

புதன்கிழமை பத்து மணிக்குப் பஸ்ஸில் போகிற யாரும் ஊரில் இருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். முதலாளி வருகிறேன் என்றதே பெரிதாக இருந்தது.

கூட்டத்தை எங்கே வைப்பது என்பதில் நான்கு நாள் அலைந்தேன். ஊர்ப் பெரியவர் காலனிக்கு வரமாட்டார். மன்றத் தலைவர் அம்மன் கோயிலுக்கு வரமாட்டார். "கோயில்ல நாங்க எங்க உக்காரணும்னு மொதல்ல கேட்டுக்கினு வா" என்றார். கெபிக்கு இரண்டு பேரும் வரமாட்டார்கள். கடைசியில் மதகு. கைகாட்டியையும் தாண்டி வெகு தூரத்தில், உப்பளத்துக்குக் கடல் தண்ணீர் போகும் வாய்க்காலை ரோடு கடக்கும் இடம். வீடு கிடையாது, மரம் கிடையாது. யாருக்கும் சொந்தமில்லை என்பதால் எல்லாரும் வந்தார்கள்.

நான் இரண்டு நிறுத்தம் போதும் என்றேன். கொட்டகையும் கெபியும் சேர்ந்து ஒன்று. காலனியும் ஆர்ச்சும் சேர்ந்து ஒன்று, இரண்டுக்கும் நடுவில் பால் சொசைட்டி வாசலில். யாரும் தூரம் நடக்க வேண்டியதில்லை. கைகாட்டியில் நிற்கிற இரண்டு மூன்று பேர் அங்கே வந்துவிடலாம். நான் பேசியது படித்ததை ஒப்பிப்பது போல இருந்திருக்கும்.

"பால் சொசைட்டி எங்க இருக்குது?" என்று கேட்டார் மன்றத் தலைவர். அவருக்குத் தெரியாமல் இல்லை. "ஊரு எல்லைக்குள்ள. நாளைக்கு எங்க பொண்ணுங்க அங்க நிக்கும்போது ஒருத்தன் வாயத் தொறந்தான்னா யாரு பொறுப்பு? நீ பொறுப்பா?"

"ஏம்பா, உங்க பொண்ணுங்கதான் பொண்ணுங்களா?" என்றார் ஊர்ப் பெரியவர். "எங்க பொம்பளைங்க இத்தினி வருஷமா ஆர்ச்சு நெழல்ல நின்னுட்டு, இப்ப காலனி ஓரமா போயி நிக்கணுமா?"

"நெழலு உங்களுதா?"

உபதேசியார் நடுவில் புகுந்தார். கெபி நிறுத்தத்தை எடுத்துவிட்டுக் கொட்டகையில் நிற்கச் சொன்னால் பங்குச் சாமியாரிடம் என்ன சொல்வது என்று அவர் கவலை. கெபிக்கு முன்னால் பஸ் நிற்பதால்தான் வெளியூர்க்காரர்கள் இறங்கி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகிறார்களாம்.

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் ஏறிவிட்டிருந்தது. வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தார், நிற்கிற வண்டிகளைப் பார்த்தார். "இதோ பாருங்க, இப்ப எல்லாரும் எங்க வந்து உக்காந்து இருக்கீங்க?" என்றார். "இங்க வர்றதுல யாருக்கும் கவுரவக் கொறச்சல் இல்ல இல்ல? அப்பறம் இன்னா. இங்கயே நிறுத்தறேன். ஒரே எடம். ஊருக்கும் பொது, காலனிக்கும் பொது, மாதாவுக்கும் பொது."

ஊர்ப் பெரியவர் மன்றத் தலைவரைப் பார்த்தார். மன்றத் தலைவர் வாய்க்காலைப் பார்த்தார். எவருக்கும் கிடைக்காத இடம் என்பதால் அதை வேண்டாமென்று சொல்ல எவருக்கும் காரணம் கிடைக்கவில்லை. "அப்ப சரி" என்றார் ஒருவர். "நமக்கு ஆட்சேபண இல்ல" என்றார் இன்னொருவர். நான் மட்டும், "எல்லா தெருவுக்கும் இது ரொம்ப தூரம் ஆவுதுங்க" என்றேன். "நடக்கட்டும்ப்பா, ஒடம்புக்கு நல்லது" என்று சொல்லி புல்லட்டை உதைத்தார் பெரியவர். முதலாளி அப்பாவைப் பார்த்து, "நீ இன்னா சொல்ற?" என்றார், மரியாதைக்கு. "பெரியவங்க பாத்துச் சொன்னா சரிங்க" என்றார் அப்பா.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"மதகுலயா? அங்க யாருடா இருக்கறாங்க?"

"யாரும் இல்ல. அதனாலதான்."

"யாரும் இல்லாத எடத்துல பஸ் நின்னா யாரு ஏறுவாங்க?"

"வேன் கெடைக்கும்க்கா. அத மட்டும் பாரு."

வேன் கிடைத்தது. ஆவணி பிறந்ததும் மாற்றினார்கள். அக்காவும் நானும் விடிந்ததும் கிளம்பி உப்பளக் கரையோடு மதகுக்கு நடப்போம். பஸ் ஒரு தடவை நிற்கும், எல்லாரையும் அள்ளிக்கொள்ளும், பிறகு மூன்றாவது கியர், நான்காவது கியர். அந்த ரோட்டில் நான்காவது கியரை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. ஜன்னல் கம்பிகள் அதிரும். பிரம்மதேசத்தில் பிள்ளைகள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள். பெருமுக்கல்லில் யாரும் எங்களைத் தாண்டவில்லை. திண்டிவனத்தில் அக்கா குதிக்காமல் இறங்கினாள். மேம்பாலத்தடியில் டீ குடிக்கக்கூட நேரம் இருந்தது. இரண்டு பேரும் நின்று குடித்தோம். வேன் டிரைவர், "இன்னாம்மா, ராத்திரி இங்கயே தங்கிட்டியா?" என்று கேட்டார். அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் எதையோ தவறவிட்டுவிட்டு வந்தது போல, டிக்கெட்டை, குடையை, எதையோ தேடிக்கொண்டே இருப்பேன்.

அது என்ன என்று அக்காதான் முதலில் சொன்னாள். புரட்டாசியில் ஒரு காலை அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் உட்கார்ந்திருந்தாள். இறங்கியதும் சொன்னாள்: "டேய், எனக்கு தெனமும் சீட்டு கெடைக்குதுடா."

"நல்லதுதான?"

"யாரு எந்திரிச்சிப் போன சீட்டுன்னு யோசிச்சுப் பாத்தியா?"

காலனிக்கும் கொட்டகைக்கும் ஷேர் ஆட்டோ வர ஆரம்பித்திருந்தது. மரக்காணத்து ஆள் ஒருவர் பெரிய மூன்று சக்கர வண்டி வாங்கி, பஸ் விட்டுவிட்ட ஐந்து இடத்திலும் ஹாரன் அடித்தார். பிறகு வீட்டு வாசலிலேயே அடித்தார். பிரம்மதேசம் வரைக்கும் ஓட்டுவார். கருவாட்டுக்காரம்மா முதலில் போனாள். அவளை வழியில் பார்த்துக் கேட்டேன்.

"ஏம்மா, பஸ்ல வர்றதில்ல?"

"வாப்பா காலேஜு. கூட்டம் போட்டு நல்ல காரியம் செஞ்ச" என்றாள். "உங்க அக்காளுக்குக் கால் இருக்குது, நடக்கறா. எனக்குக் கூடை இருக்குது. மதகு வரைக்கும் இத யாரு சொமக்கறது? உன் மொதலாளியா?"

"ஆட்டோவுல காசு ஜாஸ்தியாச்சே."

"ஜாஸ்திதான். ஆனா அவன் என் வாசல்ல வந்து என்னைக் கூப்புடறான். உன் பஸ்ஸு என்னைப் பாத்துக்கினே போவுது."

அவள் போனதும் கீரைக்காரிகள் போனார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற வயசானவர்கள். பிறகு கைக்குழந்தைக்காரிகள். நடக்க முடிந்தவர்கள் மட்டும் மிஞ்சினோம். அதாவது கம்பெனிப் பெண்கள் நான்கைந்து பேர், என்னைப் போல மாணவர்கள், டவுனில் கொத்து வேலைக்குப் போகும் ஆட்கள் சிலர். பஸ் அதே வேகத்தில்தான் ஓடியது. உண்மையில் இன்னும் வேகமாக ஓடியது, ஏறுவதற்கு ஆள் இல்லாததால். கண்டக்டர் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே முன்னால் போகும் ஆட்டோவைப் பார்ப்பார். "அதோ போறா பாரு என் டிக்கெட்டு. கூடையோட" என்பார்.

ஆயுத பூஜை வந்தது. வழக்கமாக அன்றைக்கு எங்கள் வளைவைத் தாண்டுவதற்குள் வண்டியின் முன்கண்ணாடி மாலைகளுக்குள் ஒளிந்துவிடும். டிரைவர் அதற்காகவே வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்துக் கொண்டுவந்திருந்தார். கொட்டகையில் வாழைக்கன்று கட்டியிருந்தது. வண்டியின் வேகத்தைக் குறைத்தார். அங்கே மாலையோடு நின்றது ஷேர் ஆட்டோ. காலனியில் அதே ஆட்டோவுக்காகப் பூசணிக்காய் காத்திருந்தது. எங்கள் கெபியில் உபதேசியார் தீர்த்தச் சொம்போடு நின்றார். பஸ்ஸைப் பார்த்ததும் சொம்பை லேசாக முதுகுப் பக்கம் கொண்டுபோனார். இதையெல்லாம் கண்டக்டர்தான் மதகில் எங்களிடம் சொன்னார். மதகில் யார் பூஜை போடுவது? ஊர் போட்டால் இடம் ஊருடையதாகிவிடும், காலனி போட்டால் காலனியுடையதாகிவிடும். அதனால் யாரும் போடவில்லை. போட நினைக்கவும் இல்லை. அக்காவும் கம்பெனிப் பெண்களும் சேர்ந்து ஒரு முழம் சாமந்தி வாங்கிவந்திருந்தார்கள். நான் அதை முன்பக்கக் கண்ணாடிக் கம்பியில் கட்டினேன்.

"உங்க ஸ்டாப்புக்கு ஒரு முழமா?" என்றார் டிரைவர். கோபமாகச் சொல்லவில்லை. வண்டியை எடுத்ததும் அந்தச் சரம் காற்றில் கண்ணாடியை அடித்துக்கொண்டே வந்தது. பிரம்மதேசம் போவதற்குள் பாதி உதிர்ந்துவிட்டது.

பிறகு மழை. அந்த வருஷ மழை எங்கள் பக்கத்தில் பாத்தி எது, ரோடு எது என்று தெரியாமல் செய்துவிட்டது. மதகில் ஒதுங்க ஒரு ஓலைகூட இல்லை. உப்பளத்தில் வேலை நின்றுபோக, டவுனுக்குப் போகிறவர்களும் குறைந்தார்கள். ஒரு காலை மதகில் ஏறினவர்கள் ஆறேழு பேர். அன்றைக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டே கண்டக்டர் அக்காவிடம் சொன்னார்: "தங்கச்சி, திங்கக்கெழமையிலருந்து மரக்காணம் கட், வண்டி அங்க வராது. நைட் ஹால்ட் பிரம்மதேசத்துல போட்டுட்டாரு. மொத ட்ரிப்பு அங்கருந்துதான் எடுக்கறோம்."

அக்கா மீதிச் சில்லறையை வாங்க மறந்துவிட்டாள்.

நான் டயர் கடைக்குப் போனேன். "நீ சொன்ன மாதிரிதானப்பா செஞ்சேன்" என்றார் முதலாளி. நான் இரண்டு நிறுத்தம் சொன்னேன் என்றேன். "ரெண்டோ ஒண்ணோ. டைம் நல்லா கெடைக்குது, நான் இல்லன்னு சொல்லல. ஆனா டைம் டிக்கெட் எடுக்காதே. உங்க வளைவுல வர்ற ஆளுக்கு டீசல் காசு தேறல." பழைய ஐந்து இடத்திலும் நிறுத்தினால் ஆட்கள் திரும்ப வருவார்கள் என்று மன்றாடினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "ஆட்டோவுக்கு மாலை போட்டுட்டாங்களே" என்றார்.

மன்றத் தலைவரிடம் போனேன். "ஒத்துக்கினது ஒத்துக்கினதுதான். ஊருக்காரங்க மாறட்டும், நாங்க மாறுறோம்" என்றார். பெரியவர் வீட்டில் அதே வாக்கியம், ஊருக்குப் பதில் காலனி.

திங்கட்கிழமை அக்கா ஆட்டோவில் போனாள். பிரம்மதேசம் போய் அங்கே எங்கள் பஸ்ஸையே பிடிப்பது திட்டம். மரக்காணத்தில் ஆட்டோ பாதியாவது நிறையாமல் எடுக்கமாட்டார்கள். எடுத்த பிறகு கொட்டகையில் ஹாரன், கெபியில் ஹாரன், காலனியில் ஒவ்வொரு வாசலிலும் ஹாரன். கருவாட்டுக்காரம்மாவின் வீட்டு முன்னால் அவள் சேலை மாற்றிக்கொண்டு வரும் வரை நின்றது. பழைய பஸ்ஸைவிட மோசமான பஸ்ஸாக அது ஆகிவிட்டிருந்தது. பிரம்மதேசத்தில் அக்கா இறங்கியபோது பஸ் போய்விட்டிருந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. வேன் இரண்டு தடவை தவறியது. கம்பெனி சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவைன்னா நானே நெனச்சாலும் முடியாதும்மா" என்றாராம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா, "மழை விட்டா தை மாசம் பாத்தி கட்டுவாங்க" என்று ஆரம்பித்தாள். அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். தெருவில், கெபிக்கு எதிரே, உபதேசியார் வீட்டு வாசலில் அந்தப் பச்சை டிவிஎஸ் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. துபாயிலிருந்து மகன் பணம் அனுப்பி அவர் புது பைக் வாங்கியிருந்தார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து அப்பாவிடம், "அத கேளுப்பா" என்றாள்.

"யாரு ஓட்டறது?"

"நான்தான். பிரம்மதேசம் வரைக்கும் தான. அங்க சைக்கிள் கடையில விட்டுட்டு பஸ் ஏறிக்கறேன்."

அம்மா காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கம்மலைக் கழற்றினாள். அக்காவும் தன்னுடையதைக் கழற்றினாள்.

அப்பாவும் அக்காவும் நானும் உபதேசியார் வீட்டுக்குப் போனோம். அவர் சாக்கை எடுத்துக் காட்டினார். டயர் மழமழவென்று இருந்தது. ஹெட்லைட் கண்ணாடி இல்லை. "உங்களுக்குன்றதால குடுக்கறேன். வேற ஆள்னா இன்னும் ஆயிரம் கேப்பேன்" என்றார். கேட்ட விலை எங்களுக்கு எட்டாதது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார். கைகட்டிக்கொண்டேதான்.

"பஸ் நிக்கற எடத்த இதுல வந்துதானங்க முடிவு பண்ணீங்க. அத கொஞ்சம் பாத்துப் போடுங்க."

உபதேசியார் சட்டென்று குனிந்து பெட்ரோல் டியூபைச் சரிபார்த்தார். எதுவும் கழன்றிருக்கவில்லை. நிமிர்ந்ததும் ஐந்நூறு குறைத்தார்.

புதன்கிழமை விடிவதற்குள் அக்கா தெருவில் மூன்று தடவை விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். முழங்கையில் ரத்தத்தோடு, என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினாள். காலனி, ஆர்ச், கைகாட்டி எதிலும் நிற்கவில்லை. மதகில் மட்டும் வேகத்தைக் குறைத்தாள். கட்டையின் மேல் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. பிரம்மதேசத்தில் பஸ் எஞ்சினை ஓடவிட்டு நின்றுகொண்டிருந்தது. "வா தங்கச்சி, பஸ் உன்கிட்ட வரல, நீ பஸ்கிட்ட வந்துட்ட" என்றார் கண்டக்டர். சீட்டு கிடைத்தது. வேனும் கிடைத்தது.

வண்டி, புது டயர், அடகுக் கடையில் முதல் மாத வட்டி, சைக்கிள் கடைக்காரருக்கு முன்பணம், எல்லாம் சேர்த்து, முன்பு எங்கள் வாசலிலேயே நின்ற பஸ்ஸைப் போய்ப் பிடிப்பதற்கு, எங்களுக்கு ஆனது ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய்.